தயிர் நம்முடையது, பெயர் யாருடையது?

தம்பலகாமம் என்றதும் நமது மாவட்டத்தில் எவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது நெல். கந்தளாய்க் குளத்து நீர் பாயும் வயல்கள் இந்த ஊரின் முதுகெலும்பு. அடுத்தது எருமைத் தயிர். கண்டி வீதியால் பயணம் செய்வோர் வாகனத்தை நிறுத்திச் சட்டி சட்டியாக வாங்கிச் செல்கிறார்கள். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் பார்த்து, நல்ல தயிர் என்று பாராட்டுகிறார்கள். ஆனால் அடுத்த முறை யாரிடம் வாங்குவது என்று அவர்களுக்குத் தெரியாது. சட்டியில் பெயர் இல்லை, முகவரி இல்லை, தொலைபேசி இலக்கமும் இல்லை.

நெல்லின் கதையும் இதுதான். நம் வயலில் விளைந்த நெல் வெளிமாவட்ட ஆலைகளுக்குப் போகிறது. பிறகு அழகிய பையில் வேறொரு பெயருடன் நமது கடைகளுக்கே அரிசியாகத் திரும்பி வருகிறது. விளைவித்தவருக்குக் கிடைப்பது நெல்லின் விலை. பையில் பெயர் போட்டவருக்குக் கிடைப்பது அரிசியின் விலையும் வாடிக்கையாளரின் நம்பிக்கையும்.

அண்மையில் இந்தப் பக்கத்து மாணவி ஒருவரின் இறுதியாண்டு வரைகலைச் செயற்றிட்டத்தைப் பார்க்கக் கிடைத்தது. தெரிந்த தயிர் வியாபாரி ஒருவரின் தொழிலையே அவர் பாடமாக எடுத்திருந்தார். அந்தத் தயிருக்கு ஒரு பெயர், ஓர் இலச்சினை, சட்டியின் வாயில் கட்டும் காகிதம், 5 கிலோ அரிசிப் பை, பில் புத்தகம், கடைக்குப் பெயர்ப்பலகை என எல்லாவற்றையும் தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் செய்திருந்தார். முதலில் வியாபாரி இதற்கு உடன்படவில்லையாம். "மகள், நம்மட தயிருக்கு எதுக்குப் பேரு? சாப்பிட்டா ருசி தெரியும்தானே" என்றாராம். அதற்கு மாணவி, "ருசி தெரியும் மாமா. ஆரிட ருசி என்டுதான் தெரியாது" என்றாராம்.

இந்த ஒரு பதிலில் நமது வர்த்தகத்தின் குறை முழுவதும் அடங்கியிருக்கிறது.

ஆனால் நான் கவலைப்படுவது அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றித்தான். மாணவிக்கு நல்ல புள்ளி கிடைத்தது. கோப்பு அலுமாரிக்குள் போனது. வியாபாரியோ இன்றும் பெயரில்லாத சட்டியில்தான் தயிர் விற்கிறார். மட்டக்களப்பின் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும், மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வடிவமைப்புத் துறையிலும், தொழிற்பயிற்சி நிலையங்களிலும் வடிவமைப்பும் வரைகலையும் பயிலும் பிள்ளைகள் எத்தனை பேர்! அவர்கள் செய்யும் செயற்றிட்டங்களில் பல, கற்பனைக் கம்பனிகளுக்காகவே செய்யப்படுகின்றன. உண்மையான கடைக்காரர் ஒருவர் "என் கடையை எடுத்துச் செய்யுங்கள்" என்று முன்வந்தால் இரு தரப்பும் பயன் பெறும்.

மாணவர் வேலை என்று அலட்சியமாக எண்ண வேண்டாம். நைக்கி நிறுவனத்தின் உலகப் புகழ்பெற்ற வளைவுக் குறியை 1971இல் வரைந்தவர் கரோலின் டேவிட்சன். அப்போது அவர் அமெரிக்காவின் போர்ட்லண்ட் அரச பல்கலைக்கழகத்தில் வரைகலை பயின்ற மாணவி. அவருக்குக் கிடைத்த கூலி 35 டொலர். நிறுவனம் வளர்ந்த பின் 1983இல் அவருக்குப் பங்குகளைப் பரிசாக வழங்கியது. இந்திய ரூபாய்க்கு 2010இல் தெரிவான குறியீட்டை வரைந்த உதயகுமார் தமிழ்நாட்டுக்காரர். அப்போது அவர் மும்பை இந்தியத் தொழில்நுட்ப நிறுவனத்தில் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்த மாணவர். அவரது ஆய்வுப் பொருளே தமிழ் எழுத்துருக்கள்தான்.

இனி அந்த மாணவியின் செயற்றிட்டத்தில் நான் கற்றதைச் சொல்கிறேன். அவர் முதலில் சட்டியில் ஒட்டும் லேபல் ஒன்றைச் செய்தார். இரண்டு நாளில் அது கழன்றுவிட்டது. மண்சட்டி ஈரத்தைக் கசியவிடும், பசை பிடிக்காது, மையும் ஊறும். ஆகவே பெயரைச் சட்டியின் வாயில் கட்டும் காகிதத்துக்கு மாற்றினார். அத்துடன் இன்னொரு யோசனையும் வைத்தார். சட்டி சுடப்படுவதற்கு முன், பச்சை மண்ணில் சிறிய முத்திரை ஒன்றை அழுத்திவிட்டால் போதும், அச்சுச் செலவே இல்லை. ஆனால் வெறுஞ்சட்டியில் வேறொருவர் தயிர் நிரப்பலாம் என்பதால் மேல் காகிதமும் வேண்டும் என்றார். கணினியின் முன் மட்டும் இருந்திருந்தால் இந்த அறிவு அவருக்கு வந்திருக்காது.

அச்சகத்திலும் நம்மவர் ஏமாறும் இடங்கள் உண்டு. கைபேசித் திரை சிவப்பு, பச்சை, நீலம் என்ற ஒளியால் நிறம் காட்டுகிறது. அச்சு இயந்திரமோ நீலம், செந்நீலம், மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளால் நிறம் காட்டுகிறது. திரையில் பளிச்சென்று தெரியும் பச்சை காகிதத்தில் மங்கிவிடும். எனவே மாதிரி அச்சைப் பார்க்காமல் ஆயிரக்கணக்கில் அடிக்கச் சொல்லக் கூடாது. பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்டதை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளாகச் சிதறும். ஆகவே எழுத்தை உருவமாக மாற்றிய கோப்பையே அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும். நல்ல இலச்சினை ஒரே நிறத்தில் அச்சிட்டாலும், தபால் முத்திரை அளவுக்குச் சுருக்கினாலும் அடையாளம் தெரிய வேண்டும்.

சட்டப் பக்கத்தையும் நாம் கவனிப்பதில்லை. பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்துவிட்டால் அந்தப் பெயர் முழுதாக நமக்கே சொந்தம் என்று பலர் நினைக்கிறார்கள். அது வேறு, வியாபாரக் குறி வேறு. வியாபாரக் குறியை 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ், கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் பதிய வேண்டும். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், பின் புதுப்பிக்கலாம். தயிர் 29ஆம் வகுப்பில் வரும், அரிசி 30ஆம் வகுப்பில் வரும். இரண்டையும் விற்பவர் இரு வகுப்புகளையும் கவனிக்க வேண்டும்.

இங்கே ஒன்றைக் கூறியாக வேண்டும். "தம்பலகாமம் தயிர்" என்று வெறுமனே எழுதி அதைத் தனக்கு மட்டும் குறியாகக் கேட்க முடியாது. ஊரின் பெயரும் பொருளின் பெயரும் எல்லோருக்கும் உரியவை. ஒவ்வொருவரும் தனக்கென்று தனித்த பெயர் வைக்க வேண்டும். ஊரின் பெயரைக் காக்க விரும்பினால் தயிர்க்காரர்கள் ஒன்றுசேர்ந்து கூட்டுக் குறி ஒன்றைப் பெறலாம். அதற்கும் சட்டத்தில் இடமுண்டு. இலங்கைத் தேயிலைச் சபையின் சிங்கக் குறியைப் பாருங்கள். இங்கேயே பொதி செய்யப்பட்ட தூய இலங்கைத் தேயிலைக்கு மட்டுமே அது கிடைக்கும். இலங்கைக் கறுவாவுக்கு 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் அடையாளப் பாதுகாப்பு வழங்கியது. கூட்டாக நின்றதால் கிடைத்த பலன்கள் இவை.

குறி என்பது நம்பிக்கையின் சாட்சி என்பது நமது சமூகத்துக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2013இல் ஹலால் இலச்சினையைச் சுற்றி எழுந்த சர்ச்சையை நாம் மறக்கவில்லை. ஒரு சிறிய குறி எவ்வளவு பெரிய பொருளைச் சுமக்கும் என்பதை அன்று கண்டோம். ஆகவே சான்றிதழ் பெறாமல் அந்த இலச்சினையை அழகுக்காகப் பையில் போடுவது பொய்ச் சாட்சி. காலாவதித் திகதியை மாற்றி அடிப்பதும், நிறை குறைந்த பையில் முழு நிறையை அச்சிடுவதும் அப்படித்தான். லேபல் நல்ல பொருளை அறிமுகப்படுத்தும், கெட்ட பொருளைக் காட்டிக்கொடுக்கும். முன்பு புளித்த தயிர் விற்றவரை எவருக்கும் தெரியாது. பெயர் போட்ட பின் எல்லோருக்கும் தெரியும். சிலர் பெயர் வைக்கத் தயங்குவதன் காரணமும் இதுவோ என்று சில வேளை எண்ணத் தோன்றுகிறது.

"இதற்கெல்லாம் காசு வேண்டுமே" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நான்கு நிறத்தில் பத்தாயிரம் பைகள் அடிக்கும்படி சிறு வியாபாரியிடம் எவரும் சொல்லவில்லை. வெறும் பையில் ஒற்றை நிற ஸ்டிக்கர் ஒட்டித் தொடங்கலாம். இறப்பர் முத்திரையால்கூடத் தொடங்கலாம். விற்பனை வளர வளர அச்சும் வளரட்டும்.

ஆனால் மாணவரின் கூலியில் மட்டும் கை வைக்க வேண்டாம். "படிக்கிற பிள்ளைதானே, பழக்கத்துக்குச் செய்யட்டும்" என்று வேலையை வாங்கிக்கொண்டு வெறுங்கையுடன் அனுப்புவது நம்மிடம் சாதாரணமாகிவிட்டது. அது நியாயமற்றது மட்டுமல்ல, ஆபத்தானதும்கூட. நமது சம்பள ஊழியர் அல்லாத ஒருவர் வரைந்த சித்திரத்தின் உரிமை முதலில் வரைந்தவருக்கே சேரும். பேசிய தொகையைக் கொடுத்து, உரிமையை எழுத்தில் மாற்றி, மூலக் கோப்பையும் கையில் வாங்கிக்கொண்டால்தான் அந்த இலச்சினை உண்மையில் நம்முடையதாகும்.

தம்பலகாமத்திலும் முள்ளிப்பொத்தானையிலும் கிண்ணியாவிலும் உள்ள வர்த்தக சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். வரைகலை படிக்கும் நமது பிள்ளைகள் யார் யார் என்று ஒரு பட்டியல் எடுங்கள். ஆண்டுக்கு ஐந்து கடைகளை அவர்களுடன் இணைத்துவிடுங்கள். அச்சுச் செலவையும் பதிவுக் கட்டணத்தையும் சங்கம் முற்பணமாகக் கொடுத்து, பின்னர் சிறிது சிறிதாக அறவிடலாம்.

அந்த மாணவியின் கோப்பு இன்னமும் அலுமாரியில்தான் இருக்கிறது. அதைத் திறக்கும் சாவி ஆசிரியரிடம் இல்லை, வியாபாரியிடம் இருக்கிறது. நமது தயிருக்கு நாம் பெயர் வைக்கத் தாமதித்தால், வேறொருவர் வைக்கத் தாமதிக்க மாட்டார்.