ஒரே மருந்து, இரண்டு வேகம்

ஒரு புதிய மருந்தைக் கல்லீரல் எவ்வளவு சீக்கிரம் சிதைக்கும்? 1993இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட சின்ஜீன் போன்ற ஒப்பந்த ஆராய்ச்சி நிறுவனங்களில் இது அன்றாடக் கேள்வி. தானமாகக் கிடைத்த மனித ஈரலை அரைத்து, அதிவேகத்தில் சுழற்றிப் பிரித்தெடுத்த மைக்ரோசோம் என்ற நுண்துகள்களோடு மருந்தைக் கலந்து 37 டிகிரி சூட்டில் வைக்கிறார்கள். பிறகு 5, 15, 30, 60 என்று நிமிடக் கணக்கில் துளித்துளியாக எடுக்கிறார்கள். எடுத்த துளி உடனே குளிர்ந்த அசிட்டோநைட்ரைலில் விழ வேண்டும். விழுந்தால்தான் நொதிகள் அடங்கும். தாமதித்தால் எடுத்த துளியிலும் அவை மருந்தைத் தின்றுகொண்டே இருக்கும். ஏட்டில் 15 நிமிடம் என்று எழுதியது உண்மையில் 20 நிமிடமாகிவிடும்.

சுத்தமான கணக்குதான். ஆனால் யாருடைய ஈரல்? பெரும்பாலும் பல பேருடையதைச் சேர்த்த கலவை. அதிலிருந்து கிடைப்பவர் ஒரு சராசரி மனிதர். அவர் எந்த ஆஸ்பத்திரி வரிசையிலும் நிற்பதில்லை.

வரிசையில் நின்றவர்களையே சோதித்த கதை சென்னையில் நடந்தது. 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம் (இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்) நோயாளிகளுக்கு ஐசோனியசிட் கொடுத்து, சில மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்த்தது. சிலரிடம் மருந்து ஏறக்குறைய தீர்ந்திருந்தது. சிலரிடம் தாராளமாக மிச்சமிருந்தது. தென்னிந்திய நோயாளிகளில் சுமார் 60 சதவீதம் பேர் மெதுவாகச் சிதைப்பவர்கள் என்று தெரிந்தது. மருந்தோடு அசிட்டைல் என்ற சிறு துணுக்கை ஒட்டி அதை முடக்கும் ஈரல் நொதி ஒன்றுதான் காரணம். அதன் வேகம் பெற்றோர் வழி வருவது.

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியோடு ஐசோனியசிட்டை வாரம் ஒரு முறை மட்டும் கொடுத்துப் பார்த்தபோது, வேகக்காரர்களில் குணமானவர்கள் குறைவு. மெதுவானவர்களுக்கு வேறு தொல்லை: கை கால் எரிச்சல், மரத்துப்போதல். சிறிதளவு வைட்டமின் பி6 சேர்த்ததில் அது கட்டுப்பட்டது. ஊசி குத்தாமல் சிறுநீரை வைத்தே ஆளைப் பிரிக்கும் சோதனையும் பிறகு வந்தது.

இதே ஐசோனியசிட்டை மைக்ரோசோம் குழாயில் போட்டால் என்ன ஆகும்? அந்த நொதி அங்கே கிடையாது! செல்லின் திரவப் பகுதியில் இருப்பது, ஈரலைச் சுழற்றும்போதே தனியே போய்விடும். மருந்து சிதையவே இல்லை என்று குழாய் சாதிக்கும். முழு ஈரல் செல்லில் சோதித்தால் தெரியும். அதுவும் செல் யாருடையது என்பதைப் பொறுத்து. விபரம் தெரிந்தவர்கள் ஒரே வகை மாதிரியை நம்பி முடிவு எழுதுவதில்லை.

தினமும் மாத்திரை கொடுக்கும்போது வேகக்காரர்களும் குணமாகிறார்கள். ஈரல் பாதிப்பு அபாயம் மெதுவானவர்களுக்குத்தான் அதிகம். ஆனால் நம் காசநோய்த் திட்டத்தில் மருந்தின் அளவை முடிவுசெய்ய இன்றும் பார்ப்பது நோயாளியின் எடையை. ஈரலின் வேகத்தை யாரும் கேட்பதில்லை.