டேங்க் நிரம்பியும் சொட்டுதா? மிதவையைத் தூக்கிப் பாருங்க!

திருச்சி மாவட்டம் என்றாலே காவிரிதான் நினைவுக்கு வரும். அதே மாவட்டத்தின் மருங்காபுரியோ வானம் பார்த்த பூமி. அங்கே மாடி டேங்கின் ஓவர்ஃப்ளோ குழாய் ஒழுகினால் 'சொட்டுதானே' என்று விட முடியாது.

ஒரு லிட்டர் பாட்டிலைக் குழாயடியில் பிடியுங்கள். 10 நிமிடத்தில் நிறைந்தால், நாள் முழுக்க ஒழுகும்போது 144 லிட்டர் வீண். ஜல் ஜீவன் திட்டத்தில் ஒருவருக்கு ஒரு நாள் அளவே 55 லிட்டர்தான்!

மோட்டார் ஏற்றும் டேங்க் என்றால், மோட்டாரை நிறுத்தியதும் ஒழுகலும் நிற்கும். பஞ்சாயத்து லைன் நேராக ஏறும் டேங்கில்தான் சிக்கல். பெரும்பாலும் குற்றவாளி மிதவை வால்வு. தண்ணீர் வரும் நேரத்தில் மூடியைத் திறந்து, மிதவைப் பந்தைக் கையால் தூக்குங்கள்.

வரத்து நின்றுவிட்டதா? வால்வு நன்றாக இருக்கிறது. பந்தைக் கழற்றிக் குலுக்குங்கள். சலசலத்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது, பந்தை மட்டும் மாற்றினால் போதும். சத்தமே இல்லையென்றால், பித்தளைக் கம்பியைச் சற்றே கீழ்நோக்கி வளையுங்கள். தண்ணீர் ஓவர்ஃப்ளோ வாய்க்குக் கீழேயே நின்றுவிடும். பிளாஸ்டிக் கம்பி என்றால் வளைக்காதீர்கள், ஒடிந்துவிடும்.

தூக்கியும் நிற்கவில்லையா? வாஷர் தேய்ந்திருக்கும், அல்லது உப்பு படிந்திருக்கும். கேட் வால்வை மூடிவிட்டுக் கழற்றுங்கள். உப்பை வினிகரில் ஊறவைத்துத் தேய்த்து, புது வாஷர் போடுங்கள். வாஷரின் விலை ஒரு டீக் காசுக்குப் பக்கம்தான்.

சிலர் குழாய் வாயில் துணியைத் திணித்துவிடுகிறார்கள். கூடவே கூடாது! தண்ணீர் மூடி வழியே வழிந்து, தளத்தில் ஊறி, சீலிங்கில் இறங்கும். துணிக்குப் பதில் கொசுவலையைக் கட்டுங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு உள்ளே போக அந்த ஓட்டை தாராளம்.