தேயிலைக்கொரு நீதி, மாணவர்க்கொரு நீதியா?

பரீட்சைப் பெறுபேறு வெளியான மறுநாளே, கண்டி நகரிலும் சுற்றுப்புறத் தோட்டங்களிலும் பாடசாலைகளை வரிசைப்படுத்தும் பேச்சு எழுகின்றது. 20 பேருள் 14 பேர் சித்தியெய்திய பாடசாலை உயர்ந்ததாம். 12 பேர் சித்தியெய்தியது தாழ்ந்ததாம். அதன் ஆசிரியர் சோம்பேறிகளாம்! தமிழாசிரியர்க்கு எண்ணில் என்ன வேலை என நகைப்போர் நகைக்க. இத்தீர்ப்பை நாம் ஏற்கோம்.

இருசாராரும் ஒரே தரத்தினர் என்றே முதற்கண் கொள்க. அவ்வாறாயினும் தற்செயலாக எவ்வளவு வேற்றுமை தோன்றலாம் என்பதே வினா. இங்கே வேற்றுமை நூற்றுக்குப் 10. அதன் நியம வழுவோ ஏறத்தாழ 15. நியம வழுவின் இருமடங்கை எட்டாத வேற்றுமையைக் கொண்டு எவரையும் பழித்தல் தகாது. பாடசாலைக்கு 200 பேர் தோற்றி, 140 பேரும் 120 பேரும் சித்தியெய்தின், நியம வழு 5இலும் சற்றுக் குறையும். அப்பொழுது காரணம் தேடுதல் முறையே.

இம்முறை மலைநாட்டுக்குப் புதிதன்று. இங்கிலாந்தின் ரொதம்ஸ்ரெட் நிலையத்தில் 1920களில் பிஷர் என்னும் பேரறிஞரோடு ஆராய்ந்த ஈடன், பின்னர் இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்திற் பணியாற்றினார். சரிவு நிலத்தில் ஒரு பாத்தியின் மண் அடுத்ததன் மண் அன்று. ஆதலின் பசளையிடும் பாத்திகளைக் குலுக்கல் முறையால் தெரிந்து, சராசரி விளைவுகளின் வேற்றுமை மண்ணின் வேறுபாட்டை விஞ்சுகின்றதா என நோக்குவதே அம்முறை. அதன் பின்னரே பசளைக்குப் புகழ்.

பாத்திகளைக் குலுக்கலாம், மாணவரைக் குலுக்கியவர் யார்? நகரக் கல்லூரிகள் தெரிந்தெடுத்தபின் எஞ்சியோரைக் கொண்டே தோட்டப் பாடசாலைகள் பல நடைபெறுகின்றன. ஆகவே, விழா மலர்களிற் சித்தி வீதத்தை அச்சிடுவோர், தோற்றியோர் தொகையையும் அருகே இடுவாராக.