முன்னாடி தீபாவளி, பின்னாடி அமாவாசை

தீபாவளியே அமாவாசையிலதானேய்யா வருதுன்னு யாரும் ஆரம்பிக்காதீங்க. இது காரைப் பத்தின பதிவு. இப்போ வர்ற கார்களோட மூஞ்சியில பட்டப்பகல்லயும் பளிச்னு ஒண்ணு எரியுதே, ஒண்ணுல புருவம் மாதிரி, இன்னொண்ணுல மீசை மாதிரி, அந்த விளக்கைப் பத்தின புலம்பல். புலம்பல்கூட இல்லை, சண்டைன்னே வெச்சுக்கோங்க.

அதுக்குப் பேரு டே டைம் ரன்னிங் லைட். சுருக்கமா டிஆர்எல். வண்டியை ஸ்டார்ட் பண்ணினா தானா எரியும். ராத்திரி உங்களுக்கு ரோட்டைக் காட்டறதுக்கு இல்லை, பகல்ல எதிர்ல வர்றவனுக்கு உங்களைக் காட்டறதுக்கு.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். பகல்ல எதுக்குய்யா லைட்டு, பேட்டரி வீண், பெட்ரோல் வீண்னு பேசற கட்சியில நான் இல்லை. என் சண்டை, முன்னாடி மட்டும் எரிய விட்டு பின்பக்கத்தை அப்படியே இருட்டுல விட்ட மகானுபாவர்களோட.

நான் இருக்கிற டொரண்டோவுல டிசம்பர் மாசம் சூரியன் நாலே முக்காலுக்கெல்லாம் கடையைச் சாத்திடும். ஆபீஸ் விட்டு எல்லாரும் ரோட்டுக்கு வர்ற நேரமும், ஊரு இருட்டற நேரமும் ஒண்ணா இருக்கும். அந்த நேரத்துல 401 ஹைவேயில ஒரு பத்து நிமிஷம் ஓட்டிப் பாருங்க. கருப்பு கார், சாம்பல் கார்னு ஒண்ணு ரெண்டாவது பின்னாடி ஒரு பொட்டு சிவப்பு வெளிச்சம் இல்லாம நூறு கிலோமீட்டர் வேகத்துல போயிட்டிருக்கும். பிரேக்கை மிதிச்சாதான் அங்க ஒரு வண்டி இருக்கிறதே நமக்குத் தெரியும். ஓட்டறவர் என்ன பண்ணிட்டிருப்பார்னு நினைக்கறீங்க? ஜாலியா பாட்டு கேட்டுக்கிட்டு, தன் வண்டியில எல்லா லைட்டும் எரியுதுன்னு நம்பிக்கிட்டு போயிட்டிருப்பார். இங்கே இதுக்குன்னே பேர் வெச்சிருக்காங்க, பேய் வண்டி. கிண்டல் இல்லை, அரசாங்கமே பயன்படுத்தற வார்த்தை.

இது எப்படி வந்ததுன்னு பார்ப்போம்.

ஆரம்பம் வடக்கு ஐரோப்பா. குளிர்காலத்துல பகலே அரைகுறையா இருக்கிற ஊர்கள். பின்லாந்துல 1972-லயே ஊருக்கு வெளியே குளிர்காலத்துல பகல்லயும் விளக்கு எரியணும்னு கொண்டு வந்தாங்க. ஸ்வீடன்ல 1977-ல வருஷம் பூரா கட்டாயம். காரணம் ரொம்ப எளிமை. மங்கலான பின்னணியில ஒரு சாம்பல் காரை நம்ம கண்ணு கவனிக்க நேரம் எடுக்கும். ஒரு வெளிச்சப் புள்ளியை உடனே பிடிச்சிடும். ரெட்டை வழிச் சாலையில ஓவர்டேக் பண்ண வெளியே எட்டிப் பார்க்கிறவனுக்கு அந்த ஒரு நொடி உயிர்.

கனடா 1989 டிசம்பர் 1-க்குப் பிறகு தயாராகற புது வண்டி எல்லாத்துக்கும் டிஆர்எல் கட்டாயம்னு சட்டம் போட்டது. பலனும் இருந்துச்சு. 1990 மாடல் வண்டிகளை 1989 மாடலோட ஒப்பிட்டு அரசாங்கம் பண்ணின ஆய்வுல, டிஆர்எல் உதவக்கூடிய வகை பகல்நேர மோதல்கள் சுமார் 11 சதவீதம் குறைஞ்சதா வந்துச்சு. ஐரோப்பிய ஒன்றியத்துல 2011 பிப்ரவரியிலிருந்து புது மாடல் கார்களுக்குக் கட்டாயம். அமெரிக்காவுல இன்னிக்கும் கட்டாயம் இல்லை, விருப்பம் இருந்தா வெச்சுக்கலாம். அங்கே 2008-ல வந்த அரசு ஆய்வு, ஒட்டுமொத்தமா பார்த்தா பெரிய பலன் தெரியலைன்னு சொல்லிடுச்சு. ஆஸ்திரியா இன்னும் வேடிக்கை. 2005 நவம்பர்ல பகல்லயும் லைட் போடுன்னு சட்டம் போட்டு, 2008 ஜனவரி 1 முதல் வேண்டாம்னு எடுத்துட்டாங்க.

ஆக, பலன் எவ்வளவுங்கறதுல ஊருக்கு ஊர் கருத்து வேறுபாடு. அந்தப் பஞ்சாயத்து நமக்கு வேண்டாம். ஆனா இந்தப் பட்டிமன்றம் முழுக்க வண்டியோட மூஞ்சியைப் பத்தியேதான் நடந்துச்சு. முதுகைப் பத்தி யாரும் பேசலை. கனடா சட்டம் முன் விளக்கு எரியணும்னு சொல்லிச்சு, பின் விளக்கும் சேர்ந்து எரியணும்னு சொல்லலை. கார் கம்பெனிக்காரன் என்ன பண்ணுவான்? சட்டம் கேட்டதை மட்டும் செஞ்சான். கேட்காததைச் செய்ய அவன் என்ன நம்ம மாமனாரா?

இப்போ ஒரு நல்ல கேள்வி வரும். "இருட்டினா லைட் போடணும்னு கூடவா தெரியாது? ஓட்டறவன் முட்டாள்னா வண்டி என்ன பண்ணும்?"

இந்தக் கேள்வியோடதான் எனக்குப் பெரிய சண்டை. பழைய அம்பாசடர், ஃபியட் ஓட்டினவங்க யாராவது இருந்தா ஞாபகப்படுத்திப் பாருங்க. இருட்டினதும் லைட் போடலைன்னா வண்டியே மூணு விதத்துல சொல்லிடும்.

1. எதிர்ல ரோடு தெரியாது.
2. டாஷ்போர்டு இருட்டா இருக்கும். எவ்வளவு வேகத்துல போறோம்னு முள்ளைப் பார்க்க முடியாது.
3. முன்னாடி போற வண்டியோட பின்பக்கத்துல நம்ம லைட்டோட வெளிச்சம் விழாது.

மூணுமே இலவச எச்சரிக்கை மணி. புது வண்டி இந்த மூணு மணியோட நாக்கையும் ஒவ்வொண்ணா அறுத்துடுச்சு. டிஆர்எல் முன்னாடி எரியுது. அதுலயும் கனடாவுல பல மாடல்ல ஹை பீம் பல்பையே குறைஞ்ச சக்தியில எரிய விட்டு டிஆர்எல்னு கணக்குக் காட்டினாங்க. அந்த வெளிச்சம் ரோட்டுலயும் விழும், முன்னாடி போற வண்டி மேலயும் விழும். தெருவிளக்கு வேற இருக்கு. ஒண்ணும் மூணும் காலி. டாஷ்போர்டு? இப்போ அது டிவி பொட்டி மாதிரி. சாவி போட்ட நிமிஷத்திலிருந்து பகலோ ராத்திரியோ ஜொலிச்சிட்டே இருக்கும். ரெண்டும் காலி.

வண்டிக்குள்ள உட்கார்ந்திருக்கிற மனுஷனுக்கு எல்லா அடையாளமும் லைட் எரியுதுன்னுதான் சொல்லுது. எரியலைன்னு சொல்ல ஒரே ஒரு அடையாளம்தான் பாக்கி. டாஷ்போர்டு மூலையில பச்சை விளக்குச் சின்னம் இல்லாம இருக்கிறது. இருக்கிறதைப் பார்க்கச் சொன்னா பார்க்கலாம். இல்லாததைப் பார்த்துத் தெரிஞ்சுக்கோன்னா எப்படி? மனுஷன் தப்பு பண்ற மாதிரி ஒரு பொருளைச் செஞ்சு வெச்சிட்டு, தப்பு பண்ணினவனை முட்டாள்னு சொல்றது எனக்கு அநியாயமா படுது.

இங்கே ஒரு டீலர்ஷிப்புல இதைக் கேட்டேன்.

"சார், நாப்பை ஆட்டோவுலயே விட்டுட்டா பிரச்சினையே இல்லை."

"ஆட்டோ இல்லாத மாடல்?"

"அதுக்கு மேல் மாடல் எடுக்கணும் சார்."

அப்படிப் போடு! பின்னாடி வர்றவன் என்னை இடிக்காம இருக்கிறது சன்ரூஃப் மாதிரி காசு கொடுத்து வாங்கற சமாச்சாரம் ஆயிடுச்சு.

ஆட்டோ இருந்தாலும் தப்பிச்சோம்னு நினைக்காதீங்க. சர்வீஸுக்கு விட்ட இடத்துல யாராவது நாப்பைத் திருப்பி வெச்சிடுவாங்க. திரும்பி வாங்கறப்போ பகலா இருக்கும், நமக்குத் தெரியாது. அதைவிட மோசம், அந்த சென்சார் அளக்கறது வெளிச்சத்தை மட்டும்தான். ஐ.நா.வோட 48-ஆம் ஒழுங்குமுறைப்படி வெளிச்சம் 1000 லக்ஸுக்குக் கீழே இறங்கினா ரெண்டு செகண்டுக்குள்ள ஹெட்லைட் தானா எரியணும். நல்ல விதிதான். ஆனா காலை பத்து மணி மூடுபனியில வெளிச்சம் அதைவிட நிறையவே இருக்கும், அம்பது அடிக்கு மேல ஒண்ணும் தெரியாது. சென்சாரைப் பொறுத்தவரைக்கும் அது நல்ல பகல். பின்விளக்கு எரியாது. கொட்டற மழையில லாரி கிளப்பற தண்ணிப் புகைக்கு நடுவுலயும் இதே கதைதான். வைப்பரோட லைட்டைச் சேர்த்துக் கட்டின மாடல்னா தப்பிச்சீங்க.

கடைசியா கனடா அரசாங்கத்துக்கு ஞானோதயம் வந்துச்சு. 2021 செப்டம்பர் 1 முதல் தயாராகற புது வண்டிகளுக்கு மூணுல ஒண்ணு கட்டாயம். டிஆர்எல்லோட பின்விளக்கும் சேர்ந்து எரியணும். இல்லைன்னா இருட்டினா எல்லா விளக்கும் தானா எரியணும். அதுவும் இல்லைன்னா, லைட் போடற வரைக்கும் டாஷ்போர்டு இருட்டாவே இருக்கணும். மூணாவது வழியைப் பாருங்க, நம்ம அம்பாசடர்ல சும்மா கிடைச்ச மணி!

நல்ல சட்டம், மனசாரப் பாராட்டறேன். ஆனா 1989 எங்கே, 2021 எங்கே? கிட்டத்தட்ட 32 வருஷம். அதுவும் புது வண்டிக்குத்தான். அதுக்கு முன்னாடி வித்ததெல்லாம் இன்னும் பல வருஷம் ரோட்டுல முதுகு இருட்டா ஓடும்.

அந்த இடைவெளியில கார் கம்பெனிக்காரங்க சும்மா இருந்தாங்களா? இல்லையே! டிஆர்எல்லை நகையாக்கிட்டாங்க. 2004-ல ஆடி ஏ8 டபிள்யூ12-ல எல்ஈடியில டிஆர்எல் வந்துச்சு. அப்புறம் ஆளாளுக்கு ஒரு டிசைன். வால்வோவுக்குத் தோர் சுத்தியல். இப்போ ஆடியோட சில மாடல்ல ஓட்டறவரே டிசைனைத் திரையில தேர்ந்தெடுத்துக்கலாம். அந்தத் தேர்வுப் பட்டியலுக்குச் செலவழிச்ச மூளையில நூத்துல ஒரு பங்கை, அதே ஒயரை வாலு வரைக்கும் இழுக்கச் செலவழிச்சிருந்தா இந்தப் பதிவுக்கே வேலை இல்லை.

பின்விளக்கு எப்பவும் எரிஞ்சா பிரேக் லைட் தனியா தெரியாதுன்னு ஒரு எதிர்வாதம் உண்டு. ஏன் சாமி, ராத்திரி எல்லாம் பின்விளக்கு எரிஞ்சுக்கிட்டுத்தானே பிரேக் லைட்டும் தெரியுது? அதுக்காகத்தானே நடுவுல உசரமா மூணாவது பிரேக் லைட்டை அமெரிக்காவுல 1986 மாடல் கார்கள்லயே கட்டாயமாக்கினாங்க? பெட்ரோல் வீண்ங்கறதும் எல்ஈடி காலத்துல செல்லாது. முன்னாடி நகைக்குச் செலவாகாத கரண்ட் பின்னாடி பொட்டுக்கு மட்டும் செலவாயிடுமா?

இது கனடாக்காரன் பிரச்சினை, நமக்கென்னன்னு சென்னை மக்கள் பக்கத்தை மூடிடாதீங்க. இந்தியாவுல 2017 ஏப்ரல் 1 முதல் தயாரான பைக்குகள்ல பகல்லயும் ஹெட்லைட் எரிஞ்சுக்கிட்டே இருக்கே, ஞாபகம் இருக்கா? வந்த புதுசுல எதிர்ல வர்றவங்க எல்லாம் "லைட்டு, லைட்டு"ன்னு கையை விரிச்சு மூடிக் காட்டுவாங்களே! அந்த பைக்குல ஹெட்லைட் எரிஞ்சா பின்விளக்கும் கூடவே எரியும். ஆனா அதைப் போல பத்து மடங்கு விலை கொடுத்து வாங்கற கார்ல? டிஆர்எல் கட்டாயம் இல்லைன்னாலும் அழகுக்குன்னு வந்தாச்சு. தானா எரியற ஹெட்லைட் பல மாடல்ல மேல் வேரியண்டுக்கு மட்டும். சாயங்காலம் ஆறரைக்கு ஜிஎஸ்டி ரோட்டுல முன்னாடி ஜிகுஜிகுன்னும் பின்னாடி கும்மிருட்டாவும் போற கார்களை எண்ணிப் பாருங்க. கனடா 32 வருஷம் படிச்ச பாடத்தை நாம முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பிச்சிருக்கோம். பார்த்து எழுதறதுக்குக்கூட சோம்பேறித்தனமா?

சட்டம் வர்றப்போ வரட்டும். இன்னிக்கு சாயங்காலம் ஒரு வேலை செய்யுங்க. இருட்டற நேரத்துல வண்டியை ஸ்டார்ட் பண்ணி, கையால எந்த சுவிட்சும் தொடாம, கியர் நியூட்ரல்ல, ஹேண்ட்பிரேக்கைப் போட்டுட்டு இறங்கிப் பின்னாடி போய்ப் பாருங்க. சிவப்பு எரியலைன்னா உங்க வண்டியும் பேய் வண்டிதான். வீட்டுல மத்தவங்க ஓட்டறாங்கன்னா அவங்களையும் கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க. மழை, மூடுபனின்னா ஆட்டோவை நம்பாம கையாலயே ஹெட்லைட்டைப் போடுங்க. இங்கே ஒண்டாரியோ சட்டம் சூரியன் மறையறதுக்கு அரை மணி நேரம் முன்னாடியே லைட் போடுங்குது, 150 மீட்டர் தூரம் தெரியலைன்னா பகல்லயும் போடுங்குது. எந்த ஊருக்கும் பொருந்தற கணக்கு.

முன் விளக்கு நம்ம மூஞ்சி. அழகா இருக்கட்டும், வேண்டாம்னு சொல்லலை. ஆனா பின்னாடி வர்றவனுக்கு நம்ம மூஞ்சி தெரியாது. அவனுக்குத் தெரியவேண்டியது ஒரு சிவப்புப் பொட்டு. அதை வெக்கக்கூட யோசிக்கிற கம்பெனிக்காரன் மேல வர்ற கோபம் எனக்கு இப்போதைக்குத் தீராது.

டிஸ்கி 1: "டிஆர்எல்லே வேண்டாம், ஆஃப் பண்ண வழி சொல்லுங்க"ன்னு பின்னூட்டம் போடப்போற அன்பர்களுக்கு: பதிவை இன்னொரு தடவை மேலேருந்து படிக்கவும்.

டிஸ்கி 2: ராத்திரி ஹை பீம் போட்டுக்கிட்டு எதிர்ல வர்ற புண்ணியவான்களுக்குத் தனிப் பதிவு வெச்சிருக்கேன். அது இதைவிடக் காரமா இருக்கும் :-)