கூண்டு காலியாகிவிட்டதா?



பள்ளி விட்டு வந்த பிள்ளை புத்தகப் பையைக்கூட இறக்காமல் முயல் கூண்டருகே ஓடுகிறது. கூண்டுக் கதவு திறந்து கிடக்கிறது, முயலைக் காணோம். வீடே அல்லோலகல்லோலப்படுகிறது. அண்ணன் வாசலுக்கு ஓடுகிறான், அக்காள் பின்சந்துக்கு ஓடுகிறாள். "யார் கூண்டைத் திறந்து விட்டது?" என்று அப்பா அதட்ட, பிள்ளை ஓவென்று அழுகிறது. இந்த அமளியிலேயே தேடுதல் பாதி கெட்டுவிடுகிறது.

முதல் வேலையாக முன்கதவையும் பின்கதவையும் சாத்துங்கள். சத்தத்தை நிறுத்துங்கள். முயல், ஹேம்ஸ்டர், கினிப்பன்றி போன்ற சிறு பிராணிகள் பயந்துவிட்டால் பெரும்பாலும் தூரம் போவதில்லை. கிடைத்த இருட்டு மூலையில் ஒடுங்கி, மூச்சுக் காட்டாமல் இருந்துவிடும். கூப்பிட்டாலும் வராது. நாம் கூச்சல் போடப் போட அது இன்னும் உள்ளே போகும்.

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை ஒன்று பிரேசில் நாட்டில் உண்டு. 1982-ஆம் ஆண்டு ரியோ டி ஜெனீரோ நகரில் ஒரு குடும்பம் மனுவேலா என்ற ஆமையை வளர்த்தது. வீட்டில் பழுது பார்த்தவர்கள் கதவைத் திறந்து போட்டிருந்த சமயத்தில் ஆமையைக் காணவில்லை. திறந்த கதவு வழியாகத்தான் போயிருக்கும் என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். 2013-இல் வீட்டுப் பெரியவர் இறந்தபின், சாமான் அறையைச் சுத்தம் செய்தபோது, பழைய இசைத்தட்டுக் கருவி இருந்த பெட்டியில் மனுவேலா உயிரோடு இருந்தது! கரையான் தின்று பிழைத்திருக்கலாம் என்றார்கள். முப்பது ஆண்டும் அது இருந்தது அதே வீட்டில்தான்.

ஆகவே, வீட்டை முதலில் பாருங்கள். ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகள் குறுகலாகவும் நீளமாகவும் இருப்பவை. நடுவில் திறந்த முற்றம் உண்டு. மழைநீர் போக அங்கே ஒரு துவாரமும் இருக்கும். அந்தத் துவாரத்தை உடனே பலகையால் மூடுங்கள். பிறகு டார்ச் விளக்கோடு தரையில் படுத்து மாடிப்படியின் கீழ், அரிசி மூட்டைக்குப் பின்னால், அலமாரியின் அடியில், குளிர்ப்பெட்டியின் பின்புறம் என்று ஒவ்வோர் அறையாகப் பாருங்கள். பார்த்து முடித்த அறையைச் சாத்திவிடுங்கள். துணி துவைக்கும் இயந்திரத்தை ஓட விடுமுன் உள்ளே ஒரு பார்வை பார்ப்பது அவசியம். தோட்டத்து வீடாக இருந்தால் கோழிக்கூட்டின் அடியும், பலகை அடுக்கும், சாக்கடை ஓரமும் முதலிடம்.

பகலில் அகப்படவில்லையா? ஹேம்ஸ்டர் இரவில் நடமாடும் பிராணி. படுக்கப் போகுமுன் கதவு நிலைகளில் கோதுமை மாவை இலேசாகத் தூவி வையுங்கள். எந்த அறையில் இருக்கிறது என்று காலையில் காலடித் தடம் சொல்லும். மறுநாள் இரவு அந்த அறையில் ஆழமான வாளி ஒன்றை வைத்து, உள்ளே பழந்துணியும் சூரியகாந்தி விதையும் போட்டு, வெளியிலிருந்து ஏறிவர ஒரு பலகையைச் சாய்த்து வையுங்கள். உள்ளே இறங்கினால் வழுக்கும் சுவரில் ஏற முடியாது.

பூனையானால் வெளியிலும் தேடவேண்டும். அதுவும் பக்கத்திலேதான். காணாமற்போன ஆயிரத்துக்கும் மேற்பட்ட பூனைகளைப் பற்றி 2018-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, கிடைத்த பூனைகளில் நான்கில் மூன்று பங்கு, தொலைந்த இடத்திலிருந்து 500 மீட்டருக்குள் கிடைத்தவை. எனவே அக்கம்பக்கத்துக் கதவைத் தட்டுங்கள். "பார்த்தீர்களா?" என்று கேட்டால் "இல்லை" என்பார்கள். "உங்கள் பின்கட்டில் நானே வந்து பார்க்கலாமா?" என்று பணிவாகக் கேளுங்கள். படம் ஒட்டிய தாளில் தமிழ், மலாய், சீனம் மூன்றிலும் எழுதி, கோப்பிக் கடையிலும் மளிகைக் கடையிலும் ஒட்டுங்கள். விடியுமுன் வேலைக்குப் போகும் பால்வெட்டுத் தொழிலாளர், குப்பை அள்ளுவோர், பத்திரிகை போடும் தம்பி ஆகியோரிடமும் சொல்லி வையுங்கள். அந்த நேரத்தில் தெருவைப் பார்ப்பவர்கள் அவர்களே. ஜெலுத்தோங்கிலுள்ள எஸ்.பி.சி.ஏ. காப்பகத்துக்கும் நேரில் போய்ப் பாருங்கள்.

கிளி பறந்துவிட்டால் கல்லெறிந்து விரட்டாதீர்கள். கூரைமேல் ஏறவும் வேண்டாம். லிட்டில் இந்தியாவில் கிளி ஜோசியம் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கிளி சீட்டை எடுத்துக் கொடுத்து, ஒரு நெல்மணியை வாங்கிக்கொண்டு, தானே கூண்டுக்குள் போய்விடும். கூண்டு அதற்குத் தீனி கிடைக்கும் வீடு. ஆகவே கூண்டைத் திறந்து, பிடித்த பழத்தை வைத்து, கிளியின் கண்ணில் படும்படி மாடியிலோ வாசலிலோ வையுங்கள். காலையும் மாலையும் பழகிய குரலில் கூப்பிடுங்கள். 2008-இல் ஜப்பானில் வழி தவறிய கிளி ஒன்று, மிருக வைத்தியரிடம் தன் பெயரையும் வீட்டு முகவரியையும் சொல்லி வீடு சேர்ந்தது! உங்கள் கிளிக்கும் "அக்கா, அக்கா" என்பதோடு தெருப் பெயரையும் சொல்லிக் கொடுத்தால் நஷ்டமில்லை.

தாய்மார்களுக்கும் தந்தைமார்களுக்கும் ஒரு வார்த்தை. கூண்டைக் கடைசியாகத் திறந்தது யார், எப்போது, எந்தக் கதவு திறந்திருந்தது என்ற விவரம் பெரும்பாலும் பிள்ளைக்குத்தான் தெரியும். அடிக்குப் பயந்தால் அது பொய் சொல்லும். நீங்கள் தவறான இடத்தில் தேடிக்கொண்டிருப்பீர்கள். அருகில் உட்கார வைத்து, "நீதான் எனக்கு வழி காட்ட வேண்டும், கண்ணு" என்று கேட்டுப் பாருங்கள். முயல் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், தவறு செய்தால் வீட்டில் உண்மையைச் சொல்லலாம் என்று அந்தப் பிள்ளை கற்றுக்கொள்ளும். பின்னாளில் இதைவிடப் பெரிய விஷயத்தையும் உங்களிடம்தான் வந்து சொல்லும்.

இன்றிரவு படுக்கப் போகுமுன் கூண்டின் கொக்கியை ஒருமுறை ஆட்டிப் பாருங்கள். தளர்ந்திருந்தால் ஒரு துண்டுக் கம்பி போதும்.