கண்டவர் சொல்லும் சான்றுதான்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

வானத்தில் புரியாத ஒளியைக் கண்டதாக ஒரு சாதாரண மனிதர் வந்து சொன்னால், அரசு என்ன செய்ய வேண்டும்? சிரித்து அனுப்பிவிடுவதா? வேற்றுக்கிரகவாசிகள் வந்துவிட்டார்கள் என்று தண்டோரா போடுவதா? இரண்டுமே அறிவியல் ஆகாது என்பது என் எண்ணம்.

1966-ஆம் ஆண்டு மார்ச் மாதம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டெக்ஸ்டர் என்னும் ஊருக்கருகே, பண்ணைவீட்டுக் குடும்பத்தினர் சிலர் சதுப்பு நிலத்தின் மேல் விந்தையான ஒளியைக் கண்டனர். மறுநாள் இரவு ஹில்ஸ்டேல் கல்லூரி விடுதி மாணவியரும் அத்தகைய ஒளியைக் கண்டனர். விமானப்படையின் ஆலோசகரான வானியல் பேராசிரியர் ஆலன் ஹைனெக் விசாரிக்க வந்தார். சில நாட்களுக்குள் டெட்ராய்ட் நகரில் செய்தியாளர்களைக் கூட்டி, அது சதுப்பு வாயுவாக இருக்கலாம் என்றார். அழுகும் தாவரங்களிலிருந்து எழும் மீத்தேன் எரிவதால் தோன்றும் ஒளி! நம் பாட்டிமார் சொல்லும் கொள்ளிவாய்ப் பிசாசுக்கும் இதே விளக்கம்தானே தரப்படுகிறது?

அந்த விளக்கம் தவறென்று வாதிட நான் வரவில்லை. சரியாகவே இருக்கலாம். ஆனால், 'இருக்கலாம்' என்ற சொல் பத்திரிகைகளில் காணாமற்போயிற்று. கண்டவர்கள் கேலிக்கு ஆளானார்கள். அம்மாநிலப் பிரதிநிதியும் பின்னாளில் ஜனாதிபதியானவருமான ஜெரால்டு ஃபோர்டு, மக்களுக்கு இதைவிட நல்ல விளக்கம் வேண்டும் என்று குரல் எழுப்பினார். ஏப்ரல் 5-ஆம் நாள் பிரதிநிதிகள் சபைக் குழு இதை விசாரித்தது.

1969-இல் விமானப்படை தனது 'புளூ புக்' விசாரணையை மூடியபோது, வந்திருந்த 12,618 தகவல்களில் 701 விளங்காமலே நின்றன. விளங்கவில்லை என்றால் விளங்கவில்லை என்றுதான் பொருள். பறக்கும் தட்டு என்று பொருளல்ல. பிரான்சு நாட்டின் விண்வெளி மையம் 1977-இல் இதற்கெனத் தனிக் குழு அமைத்தது. தகவல் போதாதவை வேறு, ஆராய்ந்தும் விளங்காதவை வேறு என்று அங்கே பிரித்து வைக்கிறார்கள். 2007-இல் கோப்புகளையும் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். இதுவன்றோ நேர்மை!

அதிகாரிகளைக் குறை சொல்லும் நானும் குற்றவாளிதான். என் தந்தை பள்ளிக்கூட வாசலை மிதியாதவர். ஒருநாள் விடியுமுன் தண்ணீர் பாய்ச்சப் போனவர், மணி கோத்தாற்போல் விளக்குகள் வானில் வரிசையாக நகர்ந்ததாகச் சொன்னார். "கனாக் கண்டிருப்பீங்கப்பா" என்று சிரித்தேன். "நீ படிச்ச பிள்ளை, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று அவர் அடங்கிவிட்டார். பிறகுதான் படித்தேன்: 2019 முதல் கூட்டங்கூட்டமாக ஏவப்படும் ஸ்டார்லிங்க் செயற்கைக் கோள்கள், ஏவிய சில நாட்களுக்கு அப்படித்தான் வரிசையாகத் தெரியுமாம். அவர் நேரம் சொன்னார், திசை சொன்னார். நான்தான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

மாணவ நண்பர்களே! நம்மில் பலர் வீட்டின் முதல் பட்டதாரிகள். நாளை மேசைக்கு அந்தப் பக்கம் நாம் அமர்வோம். இந்தப் பக்கம் நம் தந்தையரைப் போன்றவர்கள் வந்து நிற்பார்கள். அவர்கள் சொல்வதை முதலில் எழுதிக்கொள்வோம். தீர்ப்பு பிறகு வரட்டும்.