பத்து தடவைதாங்க, அதுக்கு மேல கிடையாது

ஸ்டெஃபான் தாமஸ் கதை தெரியும்தானே? 7,002 பிட்காயினோட சாவி ஒரு அயர்ன்கீ பென் டிரைவுக்குள்ள. கடவுச்சொல் எழுதின சீட்டு தொலைஞ்சு போச்சு. பத்து தடவை தப்பா போட்டா உள்ள இருக்கறது நிரந்தரமா காலி. 2021-ல் செய்தி வந்தப்பவே எட்டு முடிஞ்சிருந்தது.

'இப்படியுமா பூட்டு வைப்பாங்க'ன்னு பொங்காதீங்க. அந்தக் கணக்கு மட்டும் இல்லைன்னா நாலு இலக்க எண்ணுக்கு வெறும் 10,000 வாய்ப்புதான். ஒரு புரோகிராம் சும்மா போட்டுப் பாத்துட்டே இருக்கும். கணக்கு டிரைவோட சிப்புக்குள்ளேயே இருந்தாதான் வேற கணினியில செருகியும் ஏமாத்த முடியாது. திருடனா மறதிக்காரனான்னு அதுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

நானும் ஆறு தடவை தப்பா போட்டு, கை நடுங்கினவன்தான் (உள்ள அப்பாவோட பழைய போட்டோ). ஏழாவதுல திறந்துச்சு. அன்னிக்கே இன்னொரு பிரதி எடுத்து பீரோவுல வெச்சேன். கடவுச்சொல் சீட்டு தங்கமணிகிட்ட. எங்க வெச்சாங்கன்னு கேக்கத்தான் பயமா இருக்கு.